கடலோர அட்டவணை

"பறந்து இறங்கியதும் இன்ஜினைத் தண்ணீர் விட்டுக் கழுவவும்." நான் போட்ட பராமரிப்பு அட்டவணையில் பன்னிரண்டாம் வரி. கடலோர முகாமில் மூன்று வருடம் அதுதான் எங்கள் ஹெலிகாப்டர்களைக் காப்பாற்றியது. இல்லாவிட்டால் உப்பு அரித்துத் தின்றிருக்கும். பிரிவு பாலைவனத்துக்கு மாறியதும் அதே தாளில் முகாமின் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நிமிட வேலை!

ஒன்பதாம் நாள் காலை எல்லைச் சாவடியில் குண்டு விழுந்தது. காயம்பட்ட மூன்று பேரைத் தூக்கி வர வேண்டும். பைலட் என் அக்கா கணவர். ஹெலிகாப்டர் பறக்கத் தகுதி என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் அவர் கிளம்ப முடியும். ஹெல்மெட்டும் கையுமாகக் கூடாரத்துக்குள் தலையை நீட்டினார்.

"மாப்ள, கையெழுத்தப் போடு சீக்கிரம். உங்கக்காகூட என்னை இவ்ளோ நேரம் நிக்க வைக்க மாட்டா."

அவருக்குப் பின்னால் தலைமை மெக்கானிக் வந்தார். சிடுமூஞ்சி என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். உள்ளங்கையில் சிமெண்ட் காரை போல ஏதோ வைத்திருந்தார்.

"என்னண்ணே இது?"

"உன் பன்னெண்டாவது வரி. இன்ஜின் பிளேடுல சுரண்டினது. கழுவுற ஈரம் காயறதுக்குள்ள புழுதி வந்து அப்பிக்குது. ஒம்போது நாளா செவுத்துக்குப் பூசுற மாதிரி பூசியிருக்கோம்."

அதை வாங்கி நசுக்கிப் பார்த்தேன். "தாங்குமா?"

"காலியா போனா தாங்கும். மூணு பேர ஏத்திக்கிட்டு இந்த வெயில்ல எழும்பணுமே."

"இன்னொரு ஹெலிகாப்டர்?"

"அதையுந்தான் பயபக்தியா கழுவினோம்."

மாமாவைப் பார்த்தேன். "போக வேணாம் மாமா."

"அங்க மூணு பேர் கெடக்குறாங்கடா!"

"தெரியும். தப்பு என்னோடதுதான். ஆனா கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

ஆறு மணி நேரம் சுரண்டினோம். பிரஷ்ஷால், குச்சியால், நகத்தால். பதினொரு மணிக்குச் சாவடியிலிருந்து ரேடியோவில் மூன்று பேர் உயிரோடு என்றார்கள். ஒரு மணிக்கு இரண்டு. அதற்குப் பிறகு எண்ணிக்கை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று மணிக்குத்தான் மாமா கிளம்பினார். திரும்பி வந்தபோது இரண்டு பேர் போர்வைக்குள். மிச்சமிருந்தவனின் ஸ்ட்ரெச்சரை நானும் மாமாவும் தூக்கினோம்.

"ஏன் இவ்ளோ நேரம்?" என்றான் அவன்.

"வண்டி மக்கர் பண்ணிடுச்சுப்பா," என்றார் மாமா, என்னைப் பார்க்காமல்.

"வண்டி இல்ல," என்றேன். "நான்தான்."

அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.