ஊர் விசாரித்து வந்த கடல்

1987 ஐப்பசியில் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் தியாகராஜாவின் முன்னறைக்குள் கடல் வந்தது. கணுக்கால் அளவு. காலையும் மாலையும் ஏறி இறங்கியது, உப்புக் கரித்தது. பக்கத்து வீடுகளில் கார்ப்பெட் நனையவில்லை. கவுன்சில் ஆள் வந்து பார்த்து, குழாயில் பழுதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கடலைக் கொண்டுவந்தவன் மனோவசியக்காரன் இராஜேந்திரன். அவனைக் கொண்டுவந்தவர் தியாகராஜாவேதான். மகள் பாலாம்பிகை லண்டன் வந்து பதினான்கு மாதமாகக் கண்மூடவில்லை. யாழ்ப்பாணத்துக் கரையூர் மீன்பிடிக்காரன் மரியதாசனை அவள் வேதத்துக்கு மாறி மாதா கோவிலில் கட்டியதும், இந்தியாவுக்குப் போகும் வழியில் படகு கவிழ்ந்து அவன் அவள் கண்முன்னே தாழ்ந்ததும் அந்த வீட்டில் வாய்திறந்து பேசப்படாத விஷயங்கள். ஊருக்கு அவள் கல்யாணமாகாத பெண்.

டாக்டர், மனோவசியம் முறையாகப் பயின்ற பெர்னடெற்றின் பெயரை எழுதிக் கொடுத்தார். தியாகராஜா அந்தத் துண்டுத்தாளைக் கிழித்தார். இன்னொரு வேதக்காரியிடம் வீட்டுக் கதையைக் கொட்டுவதா? மாப்பிள்ளை பார்க்கிற கண்ணால் வைத்தியனைத் தேடினார். இராஜேந்திரனின் ஊர், மாமன், சாதகம் வரை விசாரித்தார். எங்கே படித்தாய், என்ன சொல்லப் போகிறாய், எப்படி எழுப்புவாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவனும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. எல்லோருக்கும் சொல்லும் பாடத்தையே சொன்னான்: "தங்கச்சி, நீர் கடற்கரையிலை நிக்கிறீர். அலை மெல்ல மெல்ல வருது." கதவுக்கடியால் அலை வந்தது. திருப்பி அனுப்ப அவனுக்குத் தெரியவில்லை. ஓடிவிட்டான்.

லூயிஷாம் சந்தையில் தியாகராஜா அவனது சட்டையைப் பிடித்தார். "நல்ல குடும்பத்துப் பெடியன் எண்டுதானேடா உள்ளுக்கு விட்டனான்!"

"நீங்கள் குடும்பத்தை மட்டும்தானே ஐயா கேட்டனீங்கள்," என்றான் அவன்.

அன்று அவர் வாளியால் கடலை அள்ளி வீதியில் ஊற்றினார். பாலாம்பிகை வாளியைப் பறித்து எறிந்தாள்.

"ஊரைக் கேட்டனீங்கள், சாத்திரியைக் கேட்டனீங்கள். என்னை ஒருக்கால் கேட்டனீங்களே, அப்பா?"

"அது வெளியிலை சொல்லுற கதையோ?"

"அப்ப அள்ளுங்கோ. பாக்கு நீரிணை முழுக்க அள்ளுங்கோ!"

மறுநாள் பெர்னடெற்றை அவளே அழைத்தாள். வந்தவள் தண்ணீருக்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எப்படித் தூங்கவைப்பேன், எப்படி எழுப்புவேன், வேண்டாம் என்றால் எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்று முதலில் விளக்கினாள். பிறகு தியாகராஜாவை வெளியே நிற்கச் சொன்னாள். சொந்த வீட்டில் அவரை வெளியே நிற்கச் சொன்ன முதல் ஆள் அவள்தான். பற்களைக் கடித்துக்கொண்டு நின்றார். "உங்கட மனுசன்ரை பேர் என்ன?" என்று அவள் கேட்பதும், மகள் அந்தப் பெயரைச் சொல்வதும், சொல்லிச் சொல்லி அலறுவதும் கதவைத் தாண்டி வந்தன. அடித்து நிறுத்தக் கை எழுந்தது, கதவைத் தொடவில்லை.

பாலாம்பிகை ஒன்பது நாள் தூங்கினாள். கடல் போகவில்லை.

தைப்பொங்கலுக்கு வந்த உறவினர்கள் வாசலில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இதென்ன கூத்து என்று ஒருவர் சிரித்தார்.

"என்ன இளிப்பு?" என்றார் தியாகராஜா. "என்ரை மருமகன் மரியதாசன் போன கடல். வாறதெண்டால் கால் நனைச்சு வாருங்கோ. ஏலாதெண்டால் போங்கோ."

மூன்று பேர் போனார்கள். மற்றவர்கள் கால் நனைத்து உள்ளே வந்தார்கள். 1996இல் வீட்டை விற்கும் வரை அங்கே எல்லோரும் அப்படித்தான் வந்துபோனார்கள்.