முப்பத்து மூன்று குண்டு

அரிசோனாவில் அந்த ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கிப் போட்டியில் டஸ்டினைப் பார்த்ததுமே நடுவர் லோரெட்டாவுக்கு எரிச்சல் வந்தது. அவனுடைய கைத்துப்பாக்கியின் அடியில் ஒரு சாண் நீளத்துக்கு, குண்டு அடைக்கும் மேகசின் தொங்கியது.

"முப்பத்து மூணு குண்டு பிடிக்கும், மேடம்! உங்களோடதுல எத்தனை?"

"பத்து."

"பத்தா? எலி அடிக்கவா?" என்று சிரித்தான்.

லோரெட்டா தன் மேகசின் ஒவ்வொன்றிலும் எண் எழுதி வைத்திருப்பாள்; ஒருமுறை மக்கர் செய்தால் அது குப்பைக்குப் போகும். இவனோ காலையிலிருந்து மூன்று தடவை தன் மேகசினை மணலில் போட்டுவிட்டு, சட்டையில் துடைத்துச் செருகிக்கொண்டான். வெளியே மண்டையோட்டுப் படம் ஒட்டத் தெரிந்தவனுக்கு, கழற்றி உள்ளே துடைக்கத் தெரியவில்லை.

டஸ்டினின் முறை வந்து, பஸ்ஸர் அலறியது. துப்பாக்கி மூன்று முறை வெடித்தது. நான்காவது குண்டு பாதி வழியில் குறுக்கே சிக்கிக்கொண்டது. டஸ்டின் தட்டினான், இழுத்தான், கெட்ட வார்த்தையில் திட்டினான். அது அசையவில்லை. நேரம் முடிந்தது.

"குண்டு மட்டமான சரக்கு, மேடம்."

"குண்டு மேல பழி போடாத, தம்பி. என்னோடதுல பத்து இருந்தா பத்தும் வெளிய போகும். உன்னோடதுல முப்பது இன்னும் பத்திரமா உள்ளயே இருக்கு. வீட்டுக்குக் கொண்டுபோய் போர்வை போர்த்தித் தூங்க வை."