அரைத் திருகு

கண்ணாடி மீன் தொட்டிக்குள் செடிகளின் இலைகள் மறுபடியும் பழுத்திருந்ததை யேசுதாஸ் பார்த்தான். செடி போனால் போகிறது, வேறு வாங்கலாம். மனைவி ஞானம்மா அல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறாள்! பிறந்த ஒன்பதாம் நாள் பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தவள், மூன்று மாதமாகச் சுவரோடு சுவராகக் கிடந்தாள். சென்னை மூர் மார்க்கெட்டில் இந்தத் தொட்டியையும் ஆறு மீன்களையும் வாங்கி, ரயிலில் மடியில் வைத்து அவன் கொண்டுவந்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தாள்.

"இதுவும் நம்ம கையில தங்காதா?" என்றாள் அவள்.

அந்தக் கேள்வி அவனைச் சும்மா விடவில்லை. மறுபடி ரயிலேறி மீன்கடைக்காரரிடம் போய்க் கேட்டான். சோடாவில் இருக்கிற காஸ்தான் செடிக்குச் சோறு என்றார் அவர். வெல்லத் தண்ணீரில் ரொட்டிக்கடை ஈஸ்ட்டைப் போட்டுப் புளிக்க வை, அதிலிருந்து கொப்புளம் ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் போகட்டும், அது போதும் என்றார். போதுமாம்! அறுபத்திரண்டாம் வருஷத்திலிருந்து, பன்னிரண்டு வருஷமாகத் திருவள்ளூர் சோடா கம்பெனியில் காஸ் அடிக்கிறவனிடம் வெல்லத் தண்ணீர்க் கதை! கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, கொஞ்சம் காஸ் மிச்சமிருந்த சிலிண்டர் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தான். ரப்பர் குழாயைத் தண்ணீருக்குள் விட்டு, சிலிண்டரின் வால்வைத் திருகித் திறந்தான். குபுகுபுவென்று கொப்புளம் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் ஆறு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"யோவ், இங்க பாருய்யா! என்னைக் கூப்டுதுங்க!"

ஞானம்மா சிரித்தாள். பிள்ளை போன பிறகு முதல் சிரிப்பு. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் அரைத் திருகு திறந்தான், பாவி.

மீன்கள் தண்ணீருக்கு மேலேயே மூக்கை நீட்டின. அந்த வாயை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தான். போன வருஷம் கம்பெனியில் காஸ் கசிந்த அறைக்குள் கூட வேலை பார்த்த பச்சையப்பன் மாட்டிக்கொண்டபோது, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இதே மாதிரிதான் வாயைப் பிளந்தான். யேசுதாஸின் கை வால்வுக்குப் போனது. மூடினால் இவள் சிரிப்பு போய்விடும். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், மூடாமல் நின்றான். பிறகு இறுக்கி மூடினான்.

"ஏன்யா மூட்ன? நல்லா வெளையாடிக்கினுதானே இருக்குதுங்க?"

"வெளையாடல ஞானம். மூச்சு முட்டுது அதுங்களுக்கு. நான்தான் பண்ணிட்டேன்."

அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், சொம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினான், காற்று கலக்கட்டும் என்று. ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்தது.

"தள்ளு," என்றாள் ஞானம்மா.

திட்டவில்லை, அழவுமில்லை. முழங்கைவரை கையைத் தொட்டிக்குள் விட்டு, சாய்ந்த மீனை உள்ளங்கையில் ஏந்தினாள். வாய்வழியே தண்ணீர் ஓடும்படி, தண்ணீருக்குள்ளேயே அதை முன்னும் பின்னுமாக, மெதுவாக நடத்தினாள். அவன் ஊற்றிக்கொண்டே இருந்தான். செவுள் ஒரு தரம் அசைந்தது. அடுத்த அசைவுக்காக இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.