முயல் படம் போட்ட பக்கம்

"எந்தக் கை?" என்று கேட்டார் நாற்காலி வாடகைக்காரர்.

கேளிக்கைப் பூங்காவின் நுழைவாயிலை ஒட்டி அவர் கடை. தள்ளிக்கொண்டு போகிற சின்னச் சக்கர நாற்காலி ஒன்றைத்தான் தையல்காரி போனில் சொல்லிவைத்திருந்தாள். வந்து பார்த்தால் அது சக்கரம் கழன்று கிடந்தது. பிள்ளைகள் அளவில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பேட்டரி நாற்காலி. கைவைக்கும் இடத்தில் குட்டையாக ஒரு குச்சி. அதைச் சாய்த்தால் ஓடும். குச்சியை எந்தப் பக்கம் மாட்டுவது என்றுதான் கேட்டார்.

"வலது கை," என்றாள், யோசிக்காமல்.

அவள் இடுப்பில் இருந்த மகன் இடது கையைத் தூக்கினான்.

தையல்காரிக்குச் சுருக்கென்றது. பையனுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்து கால் இரண்டும் சொல்பேச்சுக் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தை அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று அவள்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலிலிருந்து சோபாவுக்கு, சோபாவிலிருந்து குளியலறைக்கு அவள்தான் தூக்குவாள். அதனால் அவன் அக்காக்காரி அவனுக்கு மூட்டை என்று பெயர் வைத்திருந்தாள். அவனுக்குச் சட்டை தைத்துத் தைத்து, தோள் முதல் மணிக்கட்டு வரை அளவு அவளுக்கு மனப்பாடம். ஊட்டிவிட்டது, பல் தேய்த்துவிட்டது எல்லாம் அவள் கைதான். அவனுக்கு எது பழக்கமான கை என்று பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

"சும்மா தூக்குறான். வலதுலயே மாட்டுங்க."

"ஏம்மா, ஓட்டப்போறது அவனா, நீங்களா?" வாடகைக்காரர் இடது பக்கம் மாட்டினார். "இந்தத் திருகுல ஆமைப் படம் இருக்குல்ல, அந்தப் பக்கம் வச்சா மெதுவாப் போகும். முயல் பக்கம் வேகம். ஆமையிலயே இருக்கட்டும்."

"டேய் மூட்டை, உனக்கேத்த ஆளு ஆமைதான்டா," என்றாள் பக்கத்தில் நின்ற அக்கா.

"நீ போடி குரங்கு."

படகுச் சவாரிக்கு வரிசை நீளமாக இருந்தது. தையல்காரி வழக்கம்போல மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்தான் கண்ணிமைக்கும் நேரத்தில் எங்காவது ஓடிவிடும். மூட்டையைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. வைத்த இடத்தில் இருக்கிற பிள்ளையை எதற்குத் திரும்பிப் பார்ப்பது?

தண்ணீர் கொடுக்கத் திரும்பினாள். நாற்காலியைக் காணோம்.

பாட்டில் கைநழுவிக் காலில் விழுந்தது. "யாரோ பிள்ளையத் தூக்கிட்டாங்க!" என்று கத்திக்கொண்டே காவலாளியிடம் ஓடினாள்.

"நாற்காலியோடயா? என்ன நாற்காலிம்மா?"

"பேட்டரி."

"அப்புறம் என்ன, அவனே போயிருப்பான்."

"போகமாட்டான் சார்! அவனுக்குப் போகத் தெரியாது!"

காவலாளி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அக்காதான் அவள் சேலையை இழுத்தாள். வரிசை ஓரத்து ஈர மண்ணில் இரண்டு சக்கரத் தடங்கள் கிளம்பிக் குளத்துப் பக்கம் போயிருந்தன. படகு விடுகிற குளம். பாய்ந்த பாய்ச்சலில் செருப்பு ஒன்று அறுந்தது. அதை உதறிவிட்டு ஓடினாள்.

குளத்தின் அந்தக் கோடியில், கம்பிவேலியில் முன்சக்கரம் முட்ட நின்றிருந்தது நாற்காலி. அவளைப் பார்த்ததும் மூட்டை பரிசு விழுந்தவன் மாதிரி கூவினான்.

"அம்மா! நான் தொலைஞ்சு போயிட்டேன்!"

பளாரென்று ஓர் அறை விட்டாள்.

படகுக்காரர்கூடத் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்னம்மா, இப்படிப்பட்ட பிள்ளையப் போயி..." என்றாள் வழியில் போன ஒருத்தி. தையல்காரி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகளுக்கு விழும், தினம் விழும். இவன்மேல் இதுவரை அடியென்று ஒரு சுண்டுவிரல் பட்டதில்லை.

மூட்டை கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். கண்ணீர் முட்டியது. ஆனால் அக்காவைப் பார்த்து, "எனக்கும் விழுந்துச்சு பாத்தியா?" என்றான். பிறகு சந்தேகம் வந்தவனாக, "உனக்கும் இப்படித்தான் எரியுமா?"

"இதெல்லாம் ஒரு அடியாடா. எனக்கு விழுறத நீ தாங்கமாட்ட."

தையல்காரி குனிந்து திருகைப் பார்த்தாள். முயலில் இருந்தது. ஆமைக்குத் திருப்பினாள். அவன் இடது கையால் மறுபடி முயலுக்குத் திருப்பினான்.

"போதும். இத அந்தாளுகிட்டயே குடுத்துடுவோம். வா, தூக்கிக்கிறேன்."

இரண்டு கையையும் நீட்டினாள். ஏழு வருடமாக அந்தக் கைகள் நீண்டால் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வான். வேறு வழி இருந்ததில்லை. இப்போது குச்சியைப் பின்னால் சாய்த்தான். நாற்காலி அவள் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்ந்து நின்றது.

"வேணாம்மா," என்றான். கோபமாகக்கூட இல்லை.

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. அடி வாங்கியவனைவிட அடித்தவள்தான் பேயறைந்தவள் போல இருந்தாள். அதற்குள் அவன் திரும்பி, நாற்காலியைக் கூட்டத்துக்குள் விட்டான்.

"டேய் மூட்டை, நில்லுடா!" அக்கா பின்னால் ஓடினாள்.

தையல்காரி காலில் கிடந்த மற்றச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள்.