கம்பளம் உறங்கும் பக்கம்

நவ்ரூஸ் நெருங்கிவிட்டால் இஸ்பஹானில் ஒருவருக்கும் தலைகால் புரியாது. வீட்டை உதறிக் கொட்டிக் கழுவாமல் புத்தாண்டை உள்ளே விடுவதாவது! திரைச்சீலைகள் இறங்கும், பரணில் கிடந்ததெல்லாம் கூடத்துக்கு வரும், புருஷன்மார்கள் ஏணியில் நின்றபடியே வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். கம்பளம் கழுவும் கம்பெனிகளின் துண்டுச் சீட்டுகளோ கதவிடுக்கில் வந்து விழுந்துகொண்டே இருக்கும்.

அக்தஸ் அந்தச் சீட்டுகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றுவிடாமல் படித்தாள். படித்துவிட்டு, "எல்லாம் வாய்ப்பந்தல்" என்று குப்பையில் போட்டாள். ஆனால் கம்பளத்தைக் கழுவாமலும் முடியாது. அவளும் கணவர் ஹெஷ்மத்தும் மொட்டை மாடியில் குழாயைத் திருகிவிட்டுத் தாங்களே தேய்த்த காலம் உண்டு. இப்போது அவள் முழங்காலும் அவர் இடுப்பும் அதற்கு ஒத்துவரவில்லை.

அது காஷான் ஊர்க் கம்பளம். சிவப்புத் தரை, நடுவில் கருநீலப் பதக்கம். அம்மா சீராகக் கொண்டுவந்தது. ஒரே தறியில் நெய்த ஜோடி. ஒன்று அக்தஸிடம், மற்றொன்று தங்கை பதரியிடம். தங்கை பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

கம்பெனி தேடி அக்தஸ் தானே புறப்பட்டாள். முதல் கடைக்காரன், "ஆவி பிடிச்சு, ரோஜா வாசனை போட்டுத் தர்றோம்மா" என்றான்.

"ஏன், என் கம்பளம் கல்யாணத்துக்கா போகுது?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

இரண்டாவது கடையில், "நாளைக்கே கையில கொடுத்துடறோம்" என்றார்கள்.

"அதெப்படி நாளைக்கே? மேலே காய்ஞ்சு அடிமுடிச்சு ஈரமா இருந்தா, வீடு முழுக்க நனைஞ்ச ஆட்டு வாடை அடிக்குமே, அதுக்கு நீ வந்து பதில் சொல்லுவியா?" அந்தப் பையன் அடுத்த வாடிக்கைக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மூன்றாவதாகப் போனது நேமதியின் பட்டறைக்கு. தொப்பையும் தேநீர்க் குவளையுமாக, கன்னத்தில் சர்க்கரைக் கட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர். அவள் கேட்கக் கேட்க அலுக்காமல் பதில் சொன்னார். முதலில் தூசு தட்டுவது, அப்புறம்தான் தண்ணீர். சுடுதண்ணீர் கிட்டவே வராது. ஈரக் கைக்குட்டையை ஒற்றிப் பார்த்து, சாயம் இறங்காது என்று தெரிந்த பிறகுதான் சோப்பு. அக்தஸ் விடவில்லை.

"கடைசியா ஒண்ணு. தூங்கறதை எழுப்பிவிட்டுட மாட்டீங்களே?"

கம்பளத்தின் மயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் படுத்திருக்கும். அதற்கு அந்த ஊரில் உறக்கம் என்று பெயர். உறங்கும் பக்கமாகத் தடவினால் வழுவழுவென்று கை போகும். எதிர்த்துத் தேய்த்தால் சிலிர்த்துக்கொண்டு நிறம் கருக்கும். இது ஊருக்கே தெரிந்ததுதான். ஆனால் "எழுப்பிவிடாதே" என்பது அம்மாவின் சொந்தப் பேச்சு. வேறு யார் வாயிலும் அக்தஸ் அதைக் கேட்டதில்லை.

நேமதி குவளையைக் கீழே வைத்தார். "போன வாரம் ஒரு அம்மா போன்ல இதே வார்த்தையைக் கேட்டாங்களே! நீங்கதானா?"

"நான் எதுக்குப் போன்ல கேட்கறேன்? மூஞ்சியைப் பார்த்தாத்தானே பொய் தெரியும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்தஸுக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அது அவளைக் குடைந்தது. பதரிதான், வேறு யார்? மகாராணி நேரில் வந்து ஒரு வார்த்தை கேட்க மாட்டாளாக்கும்! உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரம்!

அவர்கள் பேச்சு முறிந்த கதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அம்மா காலமாகி நாற்பதாம் நாள் சடங்கு முடிந்ததும், மூத்தவளுக்கென்று விட்டுப்போன கம்பள ஜோடியைக் காட்டி அக்தஸ், "ரெண்டும் உன்னுதுதான், எடுத்துக்கோ பதரி ஜான்" என்று செல்லமாக உபசரித்தாள். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். அந்த ஊரில் டாக்ஸிக்காரன்கூட முதலில் காசு வேண்டாம் என்றுதான் சொல்வான். அதற்காக இறங்கி நடந்துவிட முடியுமா? வேண்டாம் என்று மறுக்க வேண்டும், மறுபடியும் உபசரிக்க வேண்டும், மறுபடியும் மறுக்க வேண்டும், அதுதானே மரியாதை! பதரி மறுக்கவே இல்லை. "சரிக்கா, எனக்கு ஒண்ணு போதும்" என்று அங்கேயே சுருட்டிக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அக்தஸ் அன்றே உறவுக்காரர்கள் நடுவில், "அம்மா குழி மண்ணு காயலை, அதுக்குள்ள வாரிக்கிட்டுப் போறா பாரு" என்றாள். சொன்ன வாய் மூடுவதற்குள் அது பதரி காதுக்குப் போய்விட்டது.

அப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன. புத்தாண்டில் இளையவர்தான் மூத்தவர் வீடு தேடி வர வேண்டும். ஒவ்வொரு நவ்ரூஸுக்கும் அக்தஸ் பிஸ்தாவும் பலகாரமும் தட்டில் பரப்பிவைத்து, மூன்றாம் மாடிப் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால் கால்வலி, அதனால் உட்கார்ந்திருக்கிறேன் என்பாள். பதரி வந்ததே இல்லை. வராமலே போய்ச் சேர்ந்துவிடுவாளோ, நாம் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்ற பயம் இப்போதெல்லாம் அவளுக்கு வந்திருந்தது.

கம்பளம் கழுவி வந்தது. விரித்ததும் கூடமே பளிச்சென்று ஆகிவிட்டது. அக்தஸ் குனிந்து ஒரு மூலையைப் பார்த்தாள். அப்புறம் மற்ற மூலையை. அப்புறம் மிச்சமிருந்த இரண்டையும்.

"இங்க வாங்களேன்! தீக்காயத்தைக் காணோம்!"

பதரி சின்னப் பெண்ணாக இருந்தபோது தேநீர்க் கொதிகலன் சமோவாரிலிருந்து தணல் ஒன்றைத் தள்ளிவிட்டு ஏற்படுத்திய காயம் அது. அடி வாங்கியது அக்தஸ். காசளவு கருகல், அதன் மேல்தான் எப்போதும் பூத்தொட்டி நிற்கும்.

ஹெஷ்மத் கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்தார். "சபாஷ் நேமதி! தீக்காயத்தையே கழுவிட்டானே! அப்படியே என் வழுக்கைக்கும் ஒரு கழுவு கழுவச் சொல்லு."

அக்தஸும் சிரித்துவிட்டாள். சாயங்காலம்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. தேநீர் ஊற்றும்போதுதான் உறைத்தது. கருகின கம்பளி மறுபடி முளைக்குமா? அது என்ன கீரைப் பாத்தியா?

"இது நம்முது இல்லை" என்றாள்.

"பதக்கம் அதே பதக்கம், பூ அதே பூ. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"அதான் சொல்றேன். இது பதரியோடது."

முதலில் வந்தது கோபம்தான். ஒன்று போதாதென்று இதையும் மாற்றிக்கொண்டாளா என்றுகூட வாய்க்கு வந்ததைப் பேசினாள். பேசிக்கொண்டே கம்பளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எத்தனை கோபமிருந்தாலும், தங்கை தினமும் மிதித்த கம்பளம் காலடியில் கிடக்கும்போது பார்க்காமல் இருக்க முடியுமா? தேநீர்க் கறை ஒன்றுகூட இல்லை. மேஜைக் கால்கள் அழுத்திய பள்ளமும் இல்லை. நன்றாகத்தான் வைத்திருக்கிறாள் கழுதை, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஜன்னல் வெயில் சரிந்து விழுந்தபோது அது கண்ணில் பட்டது. கதவுப் பக்கமிருந்து ஜன்னல் பக்கம்வரை இரண்டு தேய்ந்த கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக. ஜன்னலருகே இரண்டும் வளைந்து வட்டம் போட்டிருந்தன. அங்கே மயிர் தேய்ந்து முடிச்சு தெரிந்தது.

"டீ வண்டி தள்ளியிருப்பா" என்றார் ஹெஷ்மத்.

"ஜன்னலுக்கு டீ கொடுக்கறாளா?"

"பேரப்பிள்ளை மூணு சக்கர சைக்கிள் ஓட்டியிருக்கும்."

"அவளுக்கு ஏது பிள்ளை, பேரப்பிள்ளைக்குப் போறீங்க!"

அவள் சமையலறை வண்டியைக் கொண்டுவந்து கோட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. தூசு உறிஞ்சும் இயந்திரத்தை வைத்துப் பார்த்தாள். அதற்கும் பொருந்தவில்லை. படுக்கப் போனவள் எழுந்துவந்து, கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போனாள். அடுப்புக்காரர் சூடான கூழாங்கற்கள் மேல் சுட்டு, கல் ஒட்டியபடியே எடுத்த ரொட்டியை மேஜையில் வீசிக்கொண்டிருந்தார். வரிசை நீளம். முன்னால் நின்ற ஜனங்கள் விலகி, சக்கர நாற்காலியில் வந்த ஒருவருக்கு வழிவிட்டார்கள். அவர் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வட்டமடித்துத் திரும்பி வெளியே போனார். தரையில் சிந்தியிருந்த மாவில் இரண்டு கோடுகள் இணையாக வளைந்து கிடந்தன.

அக்தஸ் அவற்றைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் யாரோ, "அம்மா, நகருங்க, ரொட்டி ஆறுது" என்றார்கள். அவள் வரிசையை விட்டு வெளியே வந்து, ரொட்டி வாங்காமலே நடந்தாள்.

மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. வரவில்லை வரவில்லை என்று கறுவிக்கொண்டிருந்தோமே, அவள் எப்படி வருவாள்? சித்தி மகள் ஒருமுறை, "பதரிக்கு உடம்பு…" என்று ஆரம்பித்ததும் ஞாபகம் வந்தது. "அவ பேச்சை எடுத்தா நான் எழுந்து போயிடுவேன்" என்று அவள் வாயை அடைத்தது யார்? அக்தஸ் தெருவிலேயே அழுதாள். பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் நேமதிக்குப் போன் போட்டாள். கம்பளம் மாறிவிட்டது என்றதும் அவர் பதறிப்போனார்.

"ஐயோ அம்மா, தண்ணி பிழியற இயந்திரத்துல ரெண்டோட அடையாளத் துணியும் அவிழ்ந்துடுச்சு. ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு மாதிரியே இருந்துதா, குத்துமதிப்பா அனுப்பிட்டேன். தப்புதான். ஆனா அந்த அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லலையே! நானே நேத்து கூப்பிட்டுக் கம்பளம் எப்படி இருக்குன்னு கேட்டேன். 'ரொம்ப நல்லா இருக்கு, வெச்சுக்கறேன்'னாங்க."

"வெச்சுக்கறேன்னு சொன்னாளா?"

"ஆமா. நான் இப்பவே வண்டியை அனுப்பி மாத்திடறேன்."

"வேண்டாம். விலாசத்தைக் கொடுங்க, நான் போறேன்."

"வாடிக்கைக்காரங்க விலாசத்தை எப்படிம்மா…"

"அவ என் தங்கச்சி."

"சொந்தத் தங்கச்சி வீடு தெரியாதா உங்களுக்கு?" என்றார் நேமதி. குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "இப்ப எங்க இருக்கான்னு தெரியாது" என்றாள் அக்தஸ். "சரி, வண்டி வரும். நீங்களும் ஏறிக்கிட்டுப் போங்க" என்றார் அவர்.

ஹெஷ்மத், "மூத்தவ முதல்ல போறதா? ஊரு என்ன சொல்லும்?" என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில், அவரே கம்பளத்தைச் சுருட்டிக் கயிறு கட்டிக் கொடுத்தார்.

ஜாயந்தே ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு சந்தில், தரைத்தளத்து வீடு. ஓட்டுநர் கம்பளத்தைத் தோளில் தூக்கிக்கொள்ள, அக்தஸ் மணியை அடித்தாள். உள்ளே சக்கரம் உருளும் மெல்லிய சத்தம் வந்தது. கதவு திறந்தது.

பதரி நன்றாக இளைத்திருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. கண் மட்டும் அதே குறும்புக் கண்.

"ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டியே அக்கா" என்றாள். "விரிச்ச உடனேயே கண்டுபிடிச்சிருப்பேன்னு நினைச்சேன்."

"நீ எப்ப கண்டுபிடிச்சே?"

"மூலையைப் பார்த்ததும்தான். நான் போட்ட நெருப்பு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்டி வாயைத் திறக்கலை? நேமதி கேட்டானாமே!"

"சொல்லியிருந்தா வண்டி வந்து மாத்திட்டுப் போயிருக்கும். சொல்லலைன்னா, சண்டை போடவாவது நீ வருவேன்னு தெரியும்."

அக்தஸ் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பதரியின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, "எப்பலேருந்துடி இப்படி? ஒரு வார்த்தை எனக்குத் தெரியலையேடி" என்று அழுதாள். பதரி அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். "முதல் ரெண்டு வருஷம் ரோஷத்துல வரலைக்கா. அப்புறம் வரணும்னு நினைச்சப்ப கால் வரலை" என்றாள். பிறகு அவளும் அழுதாள்.

ஓட்டுநர் பாவம், எத்தனை நேரம்தான் தோளில் சுமந்துகொண்டு நிற்பார்! "அம்மா, எதை விரிக்கணும், எதை எடுக்கணும்னு சொன்னா…" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்தஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கூடத்தில் தன் கம்பளம் கிடப்பதைப் பார்த்தாள். தீக்காயம் ஜன்னல் பக்கம் இருந்தது. அதை மறைக்கப் பூத்தொட்டி எதுவும் இல்லை.

"எதையும் எடுக்க வேண்டாம். இதையும் பக்கத்துலயே விரிங்க. ரெண்டும் ஒரே பக்கமா உறங்கணும், பார்த்துப் போடுங்க. இந்த வருஷம் நவ்ரூஸ் எனக்கு இங்கதான்." பிறகு தங்கை பக்கம் திரும்பினாள். "ரெண்டும் உன்னுதுதான், எடுத்துக்கோ பதரி ஜான்."

பதரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நிஜமாவா, ஒரு பேச்சுக்கா?"

"நீயே சொல்லேன்."

"சரிக்கா" என்றாள் பதரி. இந்தத் தடவையும் அவள் மறுக்கவே இல்லை.