ஒரு சதவீதம்

காலை ஆறு மணிக்கே, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை. பஞ்சுத் தூசி அப்படிப் பறந்தது. மார்க்கையன்கோட்டைச் சாலையில் இருக்கும் அந்த நூல் மில்லில், முதல் ஷிப்ட் பெண்கள் முந்தானையை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, பஞ்சுச் சுருளை மார்போடு அணைத்துத் தூக்கி இயந்திரத்துக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். தரை அதிர்ந்தது. ஒரு வார்த்தை பேச வேண்டுமானால் காதுக்குள் கத்த வேண்டும்.

மூன்றாம் இயந்திரம் மட்டும் ஓடவில்லை. திங்கட்கிழமை முத்துப்பேச்சியின் வலது கையை இழுத்தது அதுதான். கழுவிவிட்டிருந்தார்கள். ஆனாலும் இரும்பு இடுக்கில் சிக்கிய பஞ்சு பழுப்பேறிக் கிடந்தது. அந்தப் பக்கம் யாரும் திரும்புவதில்லை.

மாரீஸ்வரியால் திரும்பாமல் இருக்க முடியாது. ஆபீசுக்குப் போக அவளுக்கு அதுதான் வழி. மில்லின் சம்பளப் பிரிவு என்பது அவள் ஒருத்திதான். யார் எத்தனை நாள் வந்தார்கள், பி.எஃப். எவ்வளவு, வரி எவ்வளவு என்று எல்லாக் கணக்கும் ஏழு வருடமாக அவள் கையால்தான் போகிறது.

உள்ளே முதலாளி சுந்தரலிங்கம் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு முன்னால் மில் பக்கம் தலைகாட்டாத மனிதர். மேஜைமேல் அவளுக்கும் சேர்த்து டீ வாங்கி வைத்திருந்தார். அவள் அதைத் தொடாமல் நின்றாள்.

“உக்காரும்மா. மூணு மாச வரிக் கணக்கு அனுப்ப இன்னைக்குத்தான கடைசி நாளு? இந்த லிஸ்ட்ட அப்படியே ஏத்தி அனுப்பிரு.”

அந்த லிஸ்டில் முதல் ஷிப்டின் முப்பத்தெட்டுப் பெண்களும் இருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் ‘காண்ட்ராக்டர்’ என்று போட்டு, ஒரு சதவீதம் வரி பிடித்ததாக எழுதியிருந்தது. முதல் பெயர் முத்துப்பேச்சி.

“மொதலாளி, இவுக வாங்குற சம்பளத்துக்கு வரியே கெடையாதே.”

“வரி பிடிச்சாத்தாம்மா காண்ட்ராக்டருன்னு நிக்கும். வேலக்காரிக்குக் கை போனா மில்லு பதில் சொல்லணும். காண்ட்ராக்டருக்குப் போனா அது அவ பாடு.” டீக்குச் சீனி போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னார். “எல்லாம் அவளுக எழுதிக் குடுத்ததுதான? நீதான கையெழுத்து வாங்குன?”

உண்மைதான். வாங்கியது மாரீஸ்வரிதான். மே மாதம் வீரபாண்டித் திருவிழா வந்தது. பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும், தீச்சட்டி நேர்த்தி இருக்கிறது, இந்த ஒரு மாதம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்காமல் முழுச் சம்பளமும் கையில் கொடுங்கள் என்று பெண்கள்தான் போய்க் கேட்டார்கள். ஐந்து ரூபாய் கூட்டிக் கேட்டால் ஐந்து மாதம் இழுக்கிறவர் அன்று உடனே தலையாட்டினார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவர் கொடுத்த முத்திரைத்தாளில் கையெழுத்தையும், பான் கார்டு நகலையும் அவள் ஓடி ஓடி வாங்கினாள். காண்ட்ராக்டராக வேலை செய்வதாக எழுதியிருந்த இரண்டாம் பக்கத்தை அவளே படிக்கவில்லை. புண்ணியவதி என்று சொல்லி, மூத்த தொழிலாளி அக்கம்மாள் திருவிழாக் கடையில் அவளுக்கு வளையல் வாங்கி வந்தாள்.

“எட்டு மணிக்குள்ள முடிச்சிரு. ஒன் வீட்டுக்காரரு வண்டி லோனுக்கு ஜாமீன் நாந்தான? ஞாபகம் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

ஒவ்வொரு பெயராகக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். இந்தக் கணக்கு போய்விட்டால் முத்துப்பேச்சி இந்த மில்லின் ஆளே இல்லை. நஷ்டஈடு கிடையாது. இரண்டு விரலை இழந்து தேனி ஆஸ்பத்திரியில் கிடப்பவள் கட்டுப்போட்ட கையோடு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். கடைசிப் பொத்தானில் விரலை வைத்தவள், எடுத்துவிட்டாள். தன்னை நினைத்தால் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

எட்டு மணிக்கு டீ இடைவேளைக்காக இயந்திரங்கள் நின்றன. மாரீஸ்வரி, பெண்கள் டீ குடிக்கிற கொட்டகைக்குப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அக்கம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். “படிச்சவதானடி நீயி? ஒன்ன நம்பித்தான கையெழுத்துப் போட்டோம்?”

“ஆமாக்கா. தப்பு எம்மேலதான்.”

“ஒன் தப்ப வச்சு நாங்க என்ன செய்ய? அவ கைய ஒட்டவைக்கவா?”

யாரும் மாரீஸ்வரிக்குப் பரிந்து பேசவில்லை. பிறகு அக்கம்மாளே கேட்டாள்: “அனுப்பிட்டியா?”

“இல்லக்கா. அனுப்ப மாட்டேன்.”

“அவரு வேற ஆள வச்சு அனுப்புவாரு. இன்னைக்கு முத்துப்பேச்சி, நாளைக்கு இங்கன நிக்கிறவள்ல எவளோ ஒருத்தி. லேபர் ஆபீசுக்குப் போவம். எல்லாரும் போவம். நாம இந்த மில்லு ஆளுகதான்னு காட்ட என்னத்தக் கொண்டுபோறது?”

மாரீஸ்வரி ஆபீசுக்கு ஓடி, கேட்டில் விரல் வைக்கிற மெஷினின் மூன்று மாதப் பதிவை அச்செடுத்து வந்தாள். காண்ட்ராக்டர் எவரும் தினமும் ஐந்து ஐம்பதுக்கு விரல் வைத்து உள்ளே வருவதில்லை. திங்கட்கிழமை முத்துப்பேச்சி வந்த நேரம் ஐந்து ஐம்பத்திரண்டு. போன நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது. தாள் கை மாறி மாறிப் போனது. படிக்கத் தெரியாதவர்களும் அந்தக் காலிக் கட்டத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்.

மணி அடித்தது. ஒருத்தியும் எழவில்லை. சுந்தரலிங்கம் வந்தார்.

“என்ன, மெஷினு ஓடல?”

“தேனிக்குப் போறோம் மொதலாளி” என்றாள் அக்கம்மாள். “லேபர் ஆபீசரப் பாக்க.”

“காண்ட்ராக்டருக்கு அங்கன என்ன வேல?”

“காண்ட்ராக்டருன்னா வேல செய்றதும் செய்யாததும் எங்க இஷ்டம்தான? இன்னைக்குச் செய்யல.”

அவர் முகம் கறுத்தது. மாரீஸ்வரியைப் பார்த்தார். “கேட்டத் தாண்டுனா ஒருத்தியும் திரும்ப உள்ள வர முடியாது. ஒன் வீட்டு வண்டியத் தூக்கச் சாயங்காலம் ஆள் வரும்மா.”

வரும். அது அவளுக்குத் தெரியும்.  தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்தாள்.

கேட்டருகே முன்னால் போன பெண் ஒருத்தி பழக்கதோஷத்தில் மெஷினை நோக்கி விரலை நீட்டினாள். அக்கம்மாள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“யாரும் வெரல் வைக்காதீக. நாம வேலைய விட்டுப் போகல.”

ஒருவர் பின் ஒருவராக மெஷினைக் கடந்தார்கள். மாரீஸ்வரி கடைசியாக வெளியே வந்தாள். அன்றைய பதிவில் அத்தனை பேரும் இன்னும் மில்லுக்குள்ளேதான் இருந்தார்கள்.