சுவரில் வெறும் ஆணி

மலைமேல் இருக்கும் எல் ஆல்த்தோ நகரத்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே மூன்று வால் சாட்டை தொங்கும். பாசிலியா வீட்டிலும் தொங்கியது. கல்யாணத்தன்று அவளுடைய ஞானத்தகப்பன் தோன் ஹிலாரியோ தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டிய சாட்டை அது. "பிள்ளை பொறந்தா உதவும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், பாசிலியாவும்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புனித வாரத்துப் புதன்கிழமை அது. மகள் ஏலிடாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் மேல் ஒரு நாற்றம். குளித்து இரண்டு நாள் ஆன நாற்றம் இல்லை, வேறு நாற்றம். கம்பளிச் சட்டையின் கையைத் தூக்கப் போனால் பிள்ளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கையைக் காட்டுடி."

"ஒண்ணுமில்லம்மா. குளிருது."

விடாப்பிடியாக விலக்கிப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே தோல் வெந்து, சீழ் பிடித்து, சட்டை நூலோடு ஒட்டிப்போய்க் கிடந்தது.

எப்போது நடந்தது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. குருத்தோலை ஞாயிறன்று விடியற்காலையில், கடையில் விற்க இரவெல்லாம் தணலில் வைத்திருந்த ஊதாச் சோளக் கஞ்சி பானையோடு கவிழ்ந்து கிடந்தது. "லோபோ தட்டி விட்ருச்சு" என்றாள் ஏலிடா. லோபோ வீட்டு நாய். புருஷன் செவேரோ அதை எட்டி உதைத்து முற்றத்துக் கம்பத்தில் கட்டிப்போட்டான். அன்றிலிருந்து அது கட்டியபடியே கிடக்கிறது. பிள்ளையோ அந்தக் கையோடு பள்ளிக்கூடம் போனாள், சாப்பிட்டாள், அம்மா பக்கத்திலேயே படுத்துத் தூங்கினாள்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் துணியை நனைத்து நனைத்து உரித்தாள். ஏலிடாவின் கன்னத்தில் தண்ணீர் கொட்டியது. வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

"கத்தி அழு பாப்பா. இங்க யாரும் வைய மாட்டாங்க" என்றாள் நர்ஸ்.

அப்போதும் பிள்ளை கத்தவில்லை. எட்டு வயதுப் பிள்ளை சத்தமில்லாமல் அழ எங்கே படித்தது? பாசிலியாவுக்குத் தெரியும். போன வருஷம் பெரிய வெள்ளியன்று, "அழுதா இன்னொண்ணு" என்று தோன் ஹிலாரியோ சாட்டையை ஓங்கிச் சொன்னபோது பக்கத்தில் நின்றவள் அவள்தானே.

வரும் வழியில் மெதுவாகக் கேட்டாள். "யாருடி பானையைக் கவுத்தது?"

"லோபோ."

"நான் அடிக்க மாட்டேன், சொல்லு."

"லோபோதாம்மா." சொல்லும்போது பிள்ளையின் கண் அம்மாவின் கைமேல்தான் இருந்தது. பாசிலியா அந்தக் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். நாளைக்கு இவள் பெரியவள் ஆவாள், இதைவிடப் பெரிய காயம் படும், அதையும் இப்படித்தான் மூடி வைப்பாள். நினைக்கவே முடியவில்லை அவளுக்கு.

மினிபஸ் ஓட்டிவிட்டு வந்த செவேரோவிடம், "அந்தச் சாட்டையை எரிக்கப்போறேன்" என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா? வெள்ளிக்கிழமை ஹிலாரியோ அய்யா வருவாரு. வந்து கேட்டா என்ன சொல்றது?"

"எரிச்சுட்டேன்னு சொல்றது."

"என்னையும் இது மாதிரி ஒண்ணாலதான் வளர்த்தாங்க. கெட்டா போயிட்டேன்?"

"நீ கெட்டுப்போகல. ஆனா உங்கப்பா சாகுற வரைக்கும் அவர்கிட்ட வாயத் தொறந்து ஒரு நெசம் சொல்லிருக்கியா? கண்டக்டர் வேலை போனப்பக்கூட மாசக்கணக்கா காலையில சோறு கட்டிக்கிட்டுக் கெளம்பிப் போனியே, அவருக்குத் தெரியக்கூடாதுன்னு."

செவேரோ சூப்பைக் குடித்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் குப்பையோடு போட்டுச் சாட்டையைக் கொளுத்தினாள். தோல் லேசில் எரியுமா? தெருவே நாறியது. "என்ன பாசிலியா, கறி தின்னக்கூடாத வாரத்துல கழுதையச் சுடுறியா?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஆமாக்கா, கிழட்டுக் கழுதை. வேகவே மாட்டேங்குது" என்றாள். ஏலிடா ஜன்னலோரம் நின்று அது சாம்பலாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய வெள்ளி விடியுமுன் தோன் ஹிலாரியோ வந்துவிட்டார். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி. தான் ஞானத்தகப்பனாக நின்ற குடும்பங்களுக்கெல்லாம் அன்று வீடு வீடாகப் போவார். போர்வையை விலக்கிப் பிள்ளைக்கு மூன்று அடி, நெற்றியில் சிலுவை, கையில் ஒரு மிட்டாய். பிறகு உட்கார்ந்து பால்சோறு சாப்பிடுவார். கெட்ட மனிதர் இல்லை. தான் செய்வது புண்ணியம் என்றே நம்பினார்.

சுவரைப் பார்த்தார். ஆணி மட்டும் இருந்தது.

"சாட்டை எங்கம்மா?"

"எரிச்சுட்டேன் அய்யா."

அவர் செவேரோவைப் பார்த்தார். செவேரோ தன் செருப்பைப் பார்த்தான்.

"சரி, போகட்டும்" என்று தோன் ஹிலாரியோ இடுப்பு பெல்ட்டை உருவினார். "கர்த்தர் இன்னைக்குப் பாடுபட்டாரு. நாமளும் கொஞ்சம் படணும்ல."

பாசிலியா உள்ளறை வாசலில் போய் மண்டியிட்டாள்.

"என்னை அடிங்க அய்யா. எனக்கு நீங்கதான் ஞானத்தகப்பன், உங்களுக்கு உரிமை இருக்கு. எம்பிள்ளை வெந்த கையோட எம்பக்கத்துலயே படுத்திருந்துச்சு, எனக்குத் தெரியல. அதுக்கு அடிங்க, வாங்கிக்கிறேன். ஆனா இந்த வாசலத் தாண்டி உள்ள போக விட மாட்டேன்."

"பிள்ளை கெட்டுப்போகும். நாளைக்கு உன்னையே மதிக்காது."

"மதிக்கலன்னாப் பரவால்ல. ஒண்ணுன்னா எங்கிட்ட வந்து சொன்னாப் போதும்."

பெல்ட் அவர் கையில் தொங்கியது. அடிக்கவும் இல்லை, மாட்டிக்கொள்ளவும் இல்லை. அப்போது செவேரோ வாயைத் திறந்தான். "அய்யா, பால்சோறு ஆறுது. உக்காருங்க." குரல் பிசிறியது. ஆனாலும் வந்து மனைவிக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டான்.

தோன் ஹிலாரியோ உட்காரவில்லை. மிட்டாயை மேசைமேல் வைத்தார். "இனி இந்த வாசல் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"போச்சு" என்றான் செவேரோ. "இனி தெருவுல தலைகாட்ட முடியாது."

"தொப்பி போட்டுக்க" என்றாள் பாசிலியா. எழுந்து முழங்காலைத் துடைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்கும் அழுகை முட்டியது. தகப்பன் இல்லாத அவளைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போன மனிதர் அல்லவா.

மூவருக்கும் பால்சோறு போட்டாள். ஏலிடா கட்டுப்போட்ட கையோடு வந்து மேசை ஓரத்தில் நின்றாள். உட்காரவில்லை.

"அம்மா."

"சொல்லு."

"லோபோ தட்டிவிடல." பிள்ளை அம்மாவின் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். "நாந்தான். உனக்கு முன்னாடி எந்திரிச்சு நானே அடுப்புலேருந்து எறக்கி வைக்கலாம்னு பார்த்தேன்."

பாசிலியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பானை கனமா இருந்துச்சா?"

"ரொம்ப." உதடு பிதுங்கியது. "ரொம்ப எரிஞ்சுதும்மா." அப்புறம்தான் அழுதாள். ஓவென்று, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கும்படி. பாசிலியா அவளை மடியில் இழுத்துப்போட்டு, "அழு, நல்லா அழு" என்றாள். தானும் அழுதாள்.

விக்கல் நின்றதும் பிள்ளை மெல்ல, "அந்தக் கண்ணாடியும் நாந்தான்" என்றாள்.

"எந்தக் கண்ணாடி?" என்றான் செவேரோ.

"உன் மினிபஸ் கண்ணாடி. பந்து பட்டுச்சு."

செவேரோ எழுந்தான். அந்தக் கண்ணாடிக்காகப் பக்கத்துத் தெருக்காரனோடு சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவன் அவன். ஏலிடாவின் உடம்பு மடிக்குள் கட்டையாக விறைத்ததைப் பாசிலியா உணர்ந்தாள். புருஷனைப் பார்த்தாள்.

அவன் கதவைத் திறந்து முற்றத்துக்குப் போனான். கம்பத்தருகே குந்தி, இறுகிப்போன முடிச்சை விரலால் நெம்பி நெம்பிக் கழற்றினான்.

"மன்னிச்சுக்கடா" என்றான் நாயிடம். உள்ளே இருக்கும் மகளுக்கும் கேட்கும்படி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.